பெரிய பம்ப் போட்டால் போதுமா? (ஆமாம், அந்த ரீல் பற்றித்தான்)

பழைய புல்லட்டுக்குப் பெரிய ஆயில் பம்ப் மாட்டினால் போதும், இன்ஜின் ஆயுளுக்கும் ஓடும் என்று ஒருவர் ரீல் போட்டார். அதை நம்பி மாட்டிய ஒரு தம்பியின் வண்டி நடுவழியில் நின்றது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்வி. "அண்ணே, புல்லட் மேட்டர்ல நீங்க ஏன் வாயே திறக்கல?" திறந்தேன். அந்த ரீலுக்குக் கீழேயே போய்த் திறந்தேன். கிடைத்த பதில்களை நீங்களும் படித்திருப்பீர்கள். "பெருசு, உங்க காலம் முடிஞ்சுது" என்பதற்குத்தான் அதிகம் சிரித்திருக்கிறார்கள். சரி, முடிந்துபோன காலத்தில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறேன், கேட்பவர்கள் கேளுங்கள்.

தம்பி யாரென்று இங்கே எழுதப் போவதில்லை. ஏற்கெனவே அவனைக் கிழித்துத் தொங்கவிட்டாகிவிட்டது. அப்பா ஓட்டிய பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் 350. ரீலைப் பார்த்து, இன்ஜினுக்கு ஆயில் கொடுக்கும் ஃபீட் பம்ப் பெரிதாக ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறான். "ஒரே பார்ட், லைஃப்டைம் இன்ஜின்" என்று ரீல் போட்ட மகான் சத்தியம் செய்திருந்தார் அல்லவா? திண்டிவனம் தாண்டுவதற்குள் பிக் எண்ட் (கான்ராடு கிராங்க்கோடு சேரும் இடம்) தட்ட ஆரம்பித்து, அப்புறம் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. இப்போது மகான் சொல்கிறார்: "ஃபிட்டிங் சரியில்லை." ஃபிட்டிங் சரியாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்று ரீலில் ஒரு வார்த்தை உண்டா? பின்னணி இசைக்கு இருந்த நேரம் அதற்கு இல்லை.

நான் கமெண்டில் கேட்டது ஒன்றே ஒன்று. ஆயில் போகிறதா, போனது திரும்பி வருகிறதா, பார்த்தீர்களா? இதற்குத்தான் இத்தனை வசவு.

காஸ்ட் அயர்ன் புல்லட் டிரை சம்ப் இன்ஜின், அதாவது அடியில் இருக்கும் சம்பில் ஆயிலைத் தேக்கி வைக்காமல் டாங்கில் வைப்பது. ஆயில் டாங்க் தனியாகத் தொங்காது, கிராங்க்கேஸோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். இரண்டேகால் லிட்டர் பிடிக்கும். டைமிங் கவருக்குள் இரண்டு பம்ப். ஒன்று டாங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்ப். இன்னொன்று சம்பில் வழிந்து சேர்ந்ததை உறிஞ்சி டாங்குக்கே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப். கிராங்க் முனையில் இருக்கும் வார்ம் என்கிற திருகுப் பல்தான் இரண்டையும் ஓட்டுகிறது. ரிட்டர்ன் பம்பை ஃபீடை விடப் பெரிதாக வைத்திருக்கிறார்கள். சம்பில் ஒருபோதும் ஆயில் தேங்கக் கூடாது என்பதற்காக யோசித்து வைத்தது அது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் வரைந்தது, 1955க்குப் பிறகு நம் திருவொற்றியூரில் பல்லாண்டு காலம் வார்த்தது. அவர்கள் யாரும் ரீல் போடவில்லை, பாவம்.

ஃபீடை மட்டும் பெரிதாக்கி ரிட்டர்னைப் பழையபடி விட்டால் என்ன ஆகும்? சம்ப் நிறையும். ஃப்ளைவீல் அதில் முங்கிக் கடையும். ஆயில் ரிங்கைத் தாண்டி மேலே ஏறும், சைலன்சரில் நீலப் புகை வரும், காற்று வெளியேறும் பிரீதர் வழியாகக் கக்கும். "பம்ப் சூப்பரா வேலை செய்யுது ப்ரோ, ஆயில் எல்லா இடத்துலயும் வருது" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். வரும், பேன்ட் வரைக்கும் வரும்.

ஆனால் தம்பியின் இன்ஜினைக் கொன்றது அதுகூட இல்லை. அவனே போட்ட போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். டைமிங் கவரைக் கழற்றி மல்லாக்க வைத்திருக்கிறான். ஓரமெல்லாம் சிவப்பு கேஸ்கெட் கம் பிதுங்கி நிற்கிறது. ஆயில் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு துணுக்கு புழு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. கிராங்க் முனைக்கு ஆயில் நுழையும் இடத்தில் உட்கார வேண்டிய கார்க் வாஷர் கறுத்து, நசுங்கி, ஒரு பக்கம் பிய்ந்து கிடக்கிறது. ஃபீட் பம்ப் கொடுக்கிற ஆயில் அந்தக் கார்க் வழியாகத்தான் கிராங்குக்குள் போய், ஃப்ளைவீல் துளை வழியாக, கிராங்க் பின்னுக்குள் ஏறி, பிக் எண்டில் தளர்வாகச் சுழலும் வளையமான ஃப்ளோட்டிங் புஷ்ஷுக்குப் போக வேண்டும். கார்க் பிடிக்கவில்லையென்றால் ஆயில் டைமிங் பெட்டிக்குள் கொட்டி, அங்கிருந்து சம்புக்கு வழிந்துவிடும். சம்ப் நிறைய ஆயில், பிக் எண்டில் சொட்டு இல்லை. ரோலர் பேரிங் போட்டிருந்தால் கொஞ்ச தூரம் பொறுத்திருக்கும். ஃப்ளோட்டிங் புஷ்ஷுக்கு ஆயில்தான் உயிர்.

வாய்க்கால் உடைந்து கிடக்கும்போது பம்புசெட்டை ஐந்து எச்.பி.யிலிருந்து பத்துக்கு மாற்றினால் வயலுக்குத் தண்ணீர் போய்விடுமா?

கவரைக் கழற்றினால் கார்க்கை மாற்று. டீக்காசுதான் ஆகும். இதைச் சொன்னதற்குத்தான் நான் பழைய பஞ்சாங்கம்.

புதுப்பேட்டையில் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த அண்ணனைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். இன்ஜின் இறக்கி ஏற்றிய பிறகு அவர் யாரையும் உடனே கிக்கரை உதைக்க விடமாட்டார். முதலில் ஃபில்டர் கிண்ணத்தில் ஆயில் ஊற்று என்பார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொல்லி, கையால் மெதுவாகக் கிக்கரை அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்வார். இரண்டு பம்புக்கும் நடுவில் இருக்கும் ஆயில் பிளக்கைத் தளர்த்தி ஆயில் கசிகிறதா என்று பார்ப்பார். அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, மேலே வால்வை அமுக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பை இறுக்கிப் பிடிக்கும் பான்ஜோ போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தி, ஆள்காட்டி விரலை அடியில் வைத்துக்கொண்டு நிற்பார். முதலில் நுரை வரும், பிறகு குமிழி இல்லாமல் வழியும். விரலைக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்துவிட்டு, "ம், மூடு" என்பார். அந்த "ம்" வருகிற வரைக்கும் வண்டிக்காரர் போலீஸ் அதிகாரியாக இருந்தாலும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகச் செய்வார், அது வேறு விஷயம்.

அவர் பம்பை மாற்றி நான் பார்த்தது குறைவு. கழற்றுவார், பிளஞ்சரை ஆட்டிப் பார்ப்பார், பம்பின் டிஸ்க் உட்காரும் முகத்தில் கோடு விழுந்திருந்தால் மெட்டல் பாலிஷ் தடவி எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமமாக்குவார், அதுதான் லாப் செய்வது. பின்னாலிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றுவார். வார்ம் பல்லை நகத்தால் தடவிப் பார்ப்பார். முக்கால்வாசி வண்டிகளுக்கு அதுவே போதும். நிறுத்தி வைத்த புல்லட்டில் டாங்க் ஆயில் மெல்ல சம்புக்கு இறங்கி, காலையில் தெருவே புகையாகிறதே, அதுவும் இந்த டிஸ்க் முகம் சரியாக உட்காராததால்தான் பெரும்பாலும். லாப் செய்தால் குறையும். புதுப் பெரிய பம்பிலும் முகம் சரியாக உட்காராவிட்டால் அதே புகைதான், கொஞ்சம் பணக்காரப் புகை.

இப்போது வருவார்கள் என்று தெரியும். "இங்கிலாந்துலயே ஹை கெபாசிட்டி பம்ப் போடுறாங்க, நீங்க பெரிய அறிவாளியா?" போடுகிறார்கள். நல்ல பொருள்தான். நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஃபீடும் ரிட்டர்னும் சேர்த்துப் போடுவார்கள், வழியைச் சுத்தம் செய்துவிட்டுப் போடுவார்கள். பெரும்பாலும் ரோலர் பிக் எண்டும் சேர்ந்தே போகும். அப்கிரேட் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஸ்கிரீன்ஷாட் இருந்தால் போடுங்கள்.

"நல்ல சிந்தெடிக் ஆயில் ஊத்தினா எல்லாம் சரியாகும்." கார்க் கிழிந்த இடத்தில் சிந்தெடிக் இன்னும் வேகமாக ஒழுகும், அவ்வளவுதான்.

"இந்தத் தலைவலியெல்லாம் எதுக்கு, யூசிஇ வாங்கிக்க வேண்டியதுதானே." யூசிஇ என்றால் கியர்பாக்ஸும் சேர்ந்தே வரும் பிந்தைய என்ஃபீல்டு இன்ஜின். 2009ல் கிளாசிக் வந்தபோதே அதில் பம்ப் வேறு, வழி வேறு. நல்ல இன்ஜின். ஆனால் அந்தப் பையனின் அப்பா ஓட்டியது அதை அல்ல. இதற்கு மேல் இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

"பொறாமை." இது ரீல்காரரின் ஆட்கள். லட்சம் ஃபாலோயர் வைத்திருப்பவர் மேல் எனக்கென்ன பொறாமை? அவர் விற்கிற பம்பில் கமிஷன் எவ்வளவு என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. நீங்கள் யாராவது கேட்டால் எனக்கும் சொல்லுங்கள்.

ஒரு கமெண்ட் மட்டும் இன்னும் உறுத்துகிறது. "கிரீஸ் கை ஆளுங்கல்லாம் இன்ஜினீயர் மாதிரி பேச ஆரம்பிச்சிட்டாங்க." எழுதியவருக்கு டிகிரி இருக்கிறது, ப்ரொஃபைலில் போட்டிருக்கிறார். சந்தோஷம். என் வாத்தியாருக்கு எழுதப் படிக்கக்கூட அவ்வளவாக வராது. ஸ்பேர் லிஸ்ட்டை நான்தான் எழுதித் தருவேன். ஆனால் அவர் கை பட்ட வண்டி ஆயில் இல்லாமல் இறுகி, லாரியில் ஏறி வந்து நான் பார்த்ததில்லை. டைமிங் வார்ம் நட்டு இடது மரை என்று தெரியாமல் வலுக்கட்டாயமாகத் திருப்பி மரையை அழித்துக்கொண்டு வந்த படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை அவர் கிண்டல் செய்ததே இல்லை. "விடுப்பா, யாரும் சொல்லல போல" என்பார். எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை, வரப்போவதும் இல்லை.

நாற்பதாயிரம் செலவாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வண்டியைப் பழைய இரும்புக்குப் போடலாமா என்று அந்தத் தம்பி கேட்டிருக்கிறான். போடாதே. இன்ஜினை இறக்கு. ஃப்ளைவீலைப் பிரித்து, கிராங்க் பின்னின் துளைக்குள் இருக்கிற கசடைச் சுரண்டி எடுக்கச் சொல். அங்கேயும் கம் இருக்கும், பார். கான்ராடு தப்பியிருக்கலாம். புது கிராங்க் பின்னோடு ரோலர் போடலாமா புஷ்ஷா என்று பிரித்துப் பார்த்த பிறகு பேசலாம். பழைய ஃபீட் பம்ப், ரிட்டர்ன் பம்ப் இரண்டையும் தூக்கிப் போட்டுவிடாதே, அவற்றையும் டைமிங் கவரையும் எடுத்துக்கொண்டு வா. லாப் செய்கிற வேலைக்கு நான் காசு வாங்க மாட்டேன். இதையும் விளம்பரம் என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

ரீல்காரர் என்னை பிளாக் செய்துவிட்டார் என்று இன்று காலைதான் தெரிந்தது. நன்றி, நோட்டிஃபிகேஷன் குறைந்தது. இதற்குக் கீழே வந்து "எந்த பிராண்ட் ஆயில் அண்ணே பெஸ்ட்?" என்று கேட்பவர்களை நான் பிளாக் செய்வேன்.