முழுசாகப் பார்க்காத படத்துக்கு எதற்கய்யா மார்க்?

ஒரு படத்தைப் பாதிக்கு மேல் ரிமோட்டில் தாவித் தாவி ஓட்டிவிட்டுப் பார்த்தவர் அந்தப் படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இதைச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே என்னைச் சண்டைக்காரன் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வீட்டில் உட்கார்ந்து சின்னப் படங்களைப் பார்க்கிறவர்கள் அவற்றைப் பற்றிப் பேசுகிற பேச்சைக் கேட்டுக் கேட்டு வயிறு எரிகிறது. இன்றைக்குக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

'கூழாங்கல்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வினோத்ராஜின் முதல் படம். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் பெரிய பரிசான டைகர் விருதை வாங்கியது. ஒரு தமிழ்ப் படத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் முறை. அதே வருடம் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்டதும் இதே படம்தான். நம் ஊர் ஜனங்கள் பார்ப்பதற்கு 2023 அக்டோபர் ஆகிவிட்டது, அதுவும் தியேட்டரில் இல்லை, சோனி லிவ் என்கிற ஓடிடியில். மொத்தப் படமே ஒன்றேகால் மணி நேரம்தான். பெரிய ஹீரோ படத்தில் இடைவேளை வருவதற்கே அதைவிட நேரம் பிடிக்கும்.

அந்த ஒன்றேகால் மணி நேரத்தை என் மச்சான் அரை மணி நேரத்துக்குள் முடித்தார். குடிகார அப்பன் வெயிலில் நடக்கிறான், ரிமோட்டில் ஒரு அழுத்து. பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு போகிறான், இன்னொரு அழுத்து. பஸ்ஸுக்குள் சண்டை வந்தது, அங்கே மட்டும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். சண்டை முடிந்ததும் மறுபடியும் பத்துப் பத்து விநாடியாகத் தாவல். கடைசியில் அவர் சொன்ன கருத்து இது: "எதுக்குய்யா அவ்வளவு தூரம் வெயில்ல நடக்குறானுங்க? பஸ்ல வந்தவனுங்க பஸ்லயே திரும்ப வேண்டியதுதானே? லாஜிக்கே இல்ல." இதை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். ஐந்துக்கு ஒன்று என்று மார்க் வேறு.

பஸ்ஸுக்கு இருந்த பணத்தை அந்தப் பையன் வேலு கிழித்துப் போட்டுவிடுகிறான், மச்சான்! பொண்டாட்டியைத் தேடிப் போன ஊரில் அவள் இல்லை, இவர்கள் வீட்டுக்கே திரும்பக் கிளம்பிவிட்டாள் என்று தெரிந்து அப்பன் வெறி பிடித்துக் கிடக்கிறான். அந்த நேரத்தில் பையன் பணத்தைக் கிழிக்கிறான். அதனால்தான் அவ்வளவு தூரமும் நடை. அந்த ஆளை எதிர்த்துப் பேசத் தெம்பில்லாத ஒரு சின்னப் பையன், தன் கையில் இருந்த ஒரே வழியில் அவனைத் தாமதப்படுத்துகிறான் என்றுதான் எனக்குப் பட்டது. படத்தின் உயிரே அந்த இடத்தில் இருக்கிறது. அதைத் தாவிப் போய்விட்டு, தான் தாவிய இடத்தையே படத்தின் குறை என்று எழுதுகிறார். எடுத்துச் சொன்னேன். "அப்போ அதைப் பளிச்சுன்னு காட்டியிருக்கணும்ல" என்றார். பளிச்சென்றுதான் காட்டியிருக்கிறார்கள். நீங்கள்தான் அந்த நேரத்தில் திரையில் இல்லை.

மச்சான் ஒருவர் என்றால் விட்டுவிடலாம். நாடு முழுக்க இதே கதைதான். 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தைப் பற்றிக் கேட்டால் "டாக்குமெண்டரி மாதிரி இருக்கு, மலை ஏறுறதையே காட்டிட்டு இருக்காங்க" என்கிறார்கள். அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் சுமை தூக்கும் கூலியான ரங்கசாமியோடு கூடவே நடந்திருந்தால்தானே, ஒரு துண்டு நிலத்துக்கு அவன் படுகிற பாடு நமக்கும் உறைக்கும்? கடைசியில் தன் கையை விட்டுப் போன நிலத்தில், காற்றாலைக்குக் காவலாளியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறானே, அந்த இடத்தில் தொண்டை அடைக்க வேண்டுமென்றால் மலையில் அவன் சுமந்த மூட்டையைப் பார்த்திருக்க வேண்டும். மூட்டையைத் தள்ளிவிட்டு நாற்காலியை மட்டும் பார்த்தவருக்கு அது சும்மா ஒரு நாற்காலிதான். அப்புறம் "க்ளைமாக்ஸ்ல ஃபீலே வரல" என்று எழுதினால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

செழியனின் 'டு லெட்' படத்துக்கு 'பிஜிஎம் இல்ல, போர்'. வினோத்ராஜின் அடுத்த படம் 'கொட்டுக்காளி'க்கும் அதே 'பிஜிஎம் இல்ல', கூடவே 'படம் முடியவே இல்ல, ஏமாத்திட்டாங்க'. பின்னணி இசை வேண்டாம் என்று முடிவெடுத்துத்தான் எடுத்தார்கள். 'கொட்டுக்காளி'யில் ஆட்டோ சத்தமும் சேவலும் ஆட்களின் முணுமுணுப்பும்தான் இசை. அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. காசில்லாமல் இசை போடாமல் விட்டுவிட்டார்கள் என்பது போல எழுதுகிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. 'கொட்டுக்காளி'யின் முடிவும் அப்படித்தான். பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி ஒரு பெண்ணைச் சாமியாடியிடம் கூட்டிப்போகிற பாண்டி, அங்கே இன்னொரு பெண்ணுக்கு நடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு என்ன செய்வான் என்பதைப் பார்க்கிறவரிடம் விட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி வீட்டில் ஒரு மணி நேரம் சண்டை போடலாம். சண்டை போட்டால் படம் ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் இரண்டே வரியில் 'வேஸ்ட்' என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள்.

"ஒரு கருத்துதானே, இதுக்கு ஏன் இவ்வளவு கொந்தளிப்பு?" என்று கேட்பவர்களுக்கு: பெரிய படத்துக்கு உங்கள் கருத்தால் ஒன்றும் ஆகாது. முதல் மூன்று நாளில் டிக்கெட் விற்றுவிடும். சின்னப் படத்துக்கு போஸ்டர் கிடையாது, தியேட்டரில் காலைக் காட்சி ஒன்று கிடைத்தால் பெரிது, வெள்ளிக்கிழமை வந்த படம் செவ்வாய்க்கிழமை இருக்காது. அதற்கு மிச்சமிருப்பது வீட்டுத் திரை ஒன்றுதான். அங்கேயும் பல சின்னப் படங்களை மொத்தமாக விலை பேசி யாரும் வாங்குவதில்லை, ஜனங்கள் எவ்வளவு நேரம் பார்த்தார்களோ அந்தக் கணக்குக்குத்தான் காசு. உங்கள் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுப் பத்துப் பேர் வேறு படத்துக்குப் போனால் அந்த மணி நேரமெல்லாம் போச்சு. அடுத்த கதையைத் தூக்கிக்கொண்டு அந்த இயக்குநர் தயாரிப்பாளரிடம் போனால், அவர் முதலில் போனில் தட்டிப் பார்ப்பது அந்த நட்சத்திரங்களைத்தான்.

டெலிகிராமில் இறக்கிப் பார்த்துவிட்டு 'காசு வேஸ்ட்' என்று எழுதுகிறவர்கள் தனி ரகம். எந்தக் காசு? யார் காசு? இதற்கு மேல் அவர்களைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்புதான் ஏறும்.

பத்து நிமிடத்தில் முழுப் படத்தையும் கதையாகச் சொல்கிற வீடியோக்களையும் விட முடியவில்லை. எந்தப் படமாக இருந்தாலும் "நம்ம ஹீரோ என்ன பண்றான்னா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பொண்டாட்டியை அடித்து விரட்டியவனும் அவர்களுக்கு நம்ம ஹீரோ. அதைச் சாப்பிடும்போது ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, படம் பார்த்த மாதிரியே ஆபீஸில் பேசுகிறார்கள். நடிப்பு எப்படி என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. பார்க்காமலே 'மிஸ் பண்ணக் கூடாத பத்துப் படங்கள்' என்று பட்டியல் போடுகிறவர்கள், பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் "உனக்கெல்லாம் உலக சினிமா புரியாது" என்று பாய்கிறவர்கள். இவர்களும் சின்னப் படத்துக்கு நல்லது செய்யவில்லை. ஒரு தடவை இப்படிப் பேச்சு வாங்கியவர் அடுத்த சின்னப் படத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்.

எங்கள் அத்தை ராமநாதபுரம் பக்கம். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. 'கூழாங்கல்' படத்தை மச்சான் போன பிறகு முதலிலிருந்து போட்டு எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் பெண்கள் குழியில் ஊறுகிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொள்ளுவதை விடாமல் காட்டுவார்கள் இல்லையா, அப்போது சொன்னார்: "இது ஊறுற வரைக்கும் நாங்க இப்படித்தான் குந்தியிருப்போம். எனக்குத் தெரிஞ்சதை எனக்கே எதுக்கு இம்புட்டு நேரம் காட்டுறான்னு இருந்துச்சு. தெரியாதவங்களுக்குக் காட்டுறான் போல." அப்புறம், "அந்தப் பயலுக்கு இன்னும் ரெண்டு வார்த்தை பேசக் கொடுத்திருக்கலாம், அவன் மனசுல என்னதான் இருக்குன்னு தெரியல" என்று குறையும் சொன்னார். அந்தக் குறையை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது கருத்து. பார்த்தவர் சொன்ன கருத்து. அதற்குப் பதில் சொல்லலாம், வாதாடலாம். வாட்ஸ்அப்பில் வந்த ஒன்று மார்க்குக்கு என்ன பதில் சொல்வது?

இதற்கெல்லாம் வசதி செய்து கொடுத்த கம்பெனிகளையும் சும்மா விடக் கூடாது. நெட்ஃப்ளிக்ஸ் 2019இல் ஒன்றரை மடங்கு வேகத்தில் படம் ஓட்டும் வசதியைச் சோதித்துப் பார்த்தபோது ஹாலிவுட் இயக்குநர்களே பகிரங்கமாக எதிர்த்தார்கள். அடுத்த வருடமே வசதி வந்துவிட்டது. அவர்களுக்கே அந்த நிலை என்றால், ஓடிடியில் ஒரு இடம் பிடிப்பதற்கே திண்டாடுகிற நம் பையன்கள் எங்கே போய்க் கேட்பார்கள்?

2011இல் 'ஆரண்ய காண்டம்' வந்தபோது தியேட்டரில் ஆளில்லை. முதல் பட இயக்குநருக்கு ஒன்று, படத்தொகுப்புக்கு ஒன்று என்று இரண்டு தேசிய விருது வாங்கிய படம். இன்றைக்கு அதை கல்ட் என்று கொண்டாடாத ஆள் இல்லை. அதன் இயக்குநர் தியாகராஜன் குமாரராஜாவின் அடுத்த படம் வர 2019 ஆகிவிட்டது. எட்டு வருடம்! கொண்டாடுகிறவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு டிக்கெட் எடுத்தார்கள்?

தூக்கம் வந்தால் தூங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் பாதியில் நிறுத்துங்கள், யாரும் கட்டிப்போடவில்லை. ஆனால் எழுதும்போது 'இருபது நிமிஷம் பார்த்தேன், தூங்கிட்டேன்' என்று எழுதுங்கள். 'ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்' என்று எழுதுங்கள். படிக்கிறவர் தானே முடிவு செய்துகொள்வார். மச்சான், குழுவில் போட்ட அந்த ஒன்று மார்க் இன்னும் அப்படியே இருக்கிறது. முதலில் அதை எடுங்கள்.