எஃப்புட்ஸ் எழுதியது குற்றமா?

சி (C) என்ற நிரல்மொழிக்கான செய்முறைத் தேர்வு ஒன்றில் நடந்த விவகாரம் இது. பயனர் தட்டச்சு செய்த பெயரைத் திரையில் காட்ட, எழுத்துகளை அப்படியே வெளியிடும் எஃப்புட்ஸ் (fputs) கட்டளையை எழுதிய மாணவிக்கு, வடிவமைத்து அச்சிடும் பிரிண்ட்எஃப் (printf) கட்டளையை எழுதவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறார்கள். சரியான விடையென்று அவருக்குக் காட்டப்பட்ட வரியோ, அந்தப் பெயரை அப்படியே பிரிண்ட்எஃப்பின் முதல் இடத்தில் வைக்கிறது. ஆபத்தான வரிக்கு முழு மதிப்பெண், பாதுகாப்பான வரிக்குச் சிவப்புக் கோடு!

பிரிண்ட்எஃப் தன் முதல் இடத்தில் வரும் சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, எதை எப்படி அச்சிடுவது என்று சொல்லும் வடிவக் கட்டளையாகவே படிக்கும். அதில் % குறியும் அதையொட்டி எஸ் என்ற எழுத்தும் இருந்தால், நாம் கொடுக்காத ஒரு நினைவக முகவரியைத் தானாக எடுத்துக்கொண்டு அங்கே இருப்பதை அச்சிட முயலும். % குறியையொட்டி ‘என்’ (n) என்ற எழுத்து இருந்தால் நினைவகத்தில் எழுதவே செய்யும். 2000-ஆம் ஆண்டில் டபிள்யூயூ-எஃப்டிபிடி (wu-ftpd) என்ற கோப்புப் பரிமாற்றச் சேவையக மென்பொருளில் வெளிப்பட்ட பாதுகாப்பு ஓட்டை இந்த வகைதான். எஃப்புட்ஸுக்கோ % என்பது மற்றுமோர் எழுத்து, அவ்வளவே.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு சரக்கின் பெயரில் 10% என்பதை ஒட்டி எஸ் வந்ததால் பில்லிங் மென்பொருள் அடிக்கடி நின்றுபோனது. முதலில் பிரிண்டரைத்தான் மாற்றினார்கள். அந்த வரியைச் சுட்டிக்காட்டிய எனக்கு அதிகப்பிரசங்கி என்ற பட்டம் கிடைத்தது.

‘முதல் இடத்தில் %எஸ், அடுத்த இடத்தில் பெயர் என்று போட்டுவிட்டால் பிரிண்ட்எஃப்பும் பாதுகாப்புதானே’ என்பீர்கள். உண்மைதான்; ஆனால் காட்டப்பட்ட விடையில் அது இல்லையே! ‘பாடத்திட்டத்தில் இல்லை’ என்பீர்கள். சி மொழியின் 1989-ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே இரண்டும் ஒரே தலைப்புக் கோப்பில்தான், அதாவது கட்டளைகளை அறிவிக்கும் கோப்பில்தான், இருக்கின்றன. ‘எஃப்புட்ஸ் எதற்கு, அதன் எளிய வடிவமான புட்ஸ் (puts) போதாதா’ என்பவர்களுக்கு: புட்ஸ் இறுதியில் புதுவரியைத் தானாகச் சேர்த்துவிடும், பெயருக்குப் பின் அதே வரியில் வாழ்த்து வரவேண்டும் என்பதைக் கேள்வியைப் படித்தவர் அறிவார். சாதாரணச் சரத்தைப் புதுவரியோடு பிரிண்ட்எஃப்பில் கொடுத்தால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி (GCC) கம்பைலரே பல சமயம் அதைப் புட்ஸாக மாற்றிக்கொள்கிறது. அதற்கும் மதிப்பெண் குறைப்பீர்களா?

அந்த மாணவி எஃப்புட்ஸ் திருப்பித் தரும் மதிப்பு, தோல்வியைக் குறிக்கும் இஓஎஃப் (EOF) தானா என்றுகூடச் சோதித்திருக்கிறார். எழுதும் முயற்சி தோற்கலாம் என்று அந்த வயதில் யோசித்ததற்கு ஒரு பாராட்டு வேண்டாமா? அதை யாரும் படித்ததாகவே தெரியவில்லை. சந்தேகம் கேட்கும் பிள்ளையைத் திமிர் பிடித்தவள் என்று ஒதுக்கும் பழக்கம், நான் படித்த காலத்திலிருந்து ஓர் அங்குலமும் நகரவில்லை. இப்போது மறுபரிசீலனை கேட்க வேண்டாம் என்று அவருடைய தோழிகளே தடுக்கிறார்களாம். அடுத்த செமஸ்டர் ஆய்வகத்துக்கும் அதே ஆசிரியர்தானாம்.