அது வகுப்புதான்

இரண்டு நாளாக வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். நேற்று ராத்திரி ஊர் வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோ மறுபடியும் சுற்ற ஆரம்பித்ததும் தூக்கம் போய்விட்டது. எந்த வீடியோ என்று சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பார்த்தாயிற்று. வாய்க்கால் கரையில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், பச்சைப் புடவையில் ஒரு டீச்சர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். மேலே ‘சம்பளத்தோடு சுற்றுலா’ என்று எழுத்து. பின்னால் ஒரு குத்துப்பாட்டு.

அந்தப் பச்சைப் புடவை நான்தான். அது வகுப்பு. ஏழாம் வகுப்பு, முதல் பருவம், ‘விசையும் இயக்கமும்’. வருகைப் பதிவு எடுத்துவிட்டு, என் பீரியடில் நான் நடத்திய வகுப்பு.

மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேர்ந்த வாரம் அது. அந்த வாரத்தில் பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்து, வேகம் என்றால் தொலைவு வகுத்தல் காலம் என்று கரும்பலகையில் எழுதினால் யார் பார்ப்பார்கள்? எல்லாக் கண்ணும் ஜன்னல் வழியாக வாய்க்காலில்தான் இருக்கும். சரி, எதைப் பார்க்கிறார்களோ அதையே பாடமாக வைத்துக்கொள்வோம் என்று கிளம்பினோம்.

கொத்தனார் டேப்பை வைத்து கரையில் 30 அடி அளந்து, இரண்டு முனையிலும் குச்சி நட்டோம். மேல்முனையில் ஒருவன் எலுமிச்சம்பழத்தைப் போட வேண்டும், அது கீழ்க்குச்சியைத் தாண்ட எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் என் போனில். ஆனாலும் பிள்ளைகள் விடுவார்களா, முப்பத்தொரு பேரும் வாய்விட்டு எண்ணினார்கள். முதலில் போட்ட பழம் கரையோரக் கோரையில் சிக்கிக்கொண்டு நின்றுவிட்டது. “டீச்சர், இது கணக்குல சேருமா?” என்று ஒருத்தி கேட்டாள். நான் சிரித்தது அதற்குத்தான். வீடியோவில் இருக்கும் சிரிப்பு அது.

நடு ஓட்டத்தில் போட்டபோது ஒருமுறை 26 விநாடி, அடுத்த முறை 24. மூன்றாவது முறை பழம் போய்க்கொண்டிருக்கும்போதே தலைமையாசிரியரிடமிருந்து போன். யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். போனை எடுத்ததில் நேரம் குறிக்காமல் விட்டுப்போயிற்று.

கையில் இருந்த இரண்டை வைத்துச் சராசரி 25. 30 அடியை 25ஆல் வகுத்தால் விநாடிக்கு 1.2 அடி. வாய்க்கால் அகலம் 5 அடி, ஆழம் சராசரியாக 1 அடி. பெருக்கினால் 6 கனஅடி. அடித்தரையும் கரையும் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும், மேலே ஓடுவது எப்போதும் கொஞ்சம் வேகமாக ஓடும், அதனால் 0.85ஆல் பெருக்கி, சுமார் 5 கனஅடி என்று எழுதிக்கொண்டோம். கோரையில் பழம் சிக்கியதைப் பார்த்தவர்களுக்கு அந்த 0.85 ஏன் என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து டிவியில் ‘விநாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி’ என்று கேட்டு வளர்ந்தவர்கள். ஒரு கனஅடி என்றால் 28 லிட்டர் சொச்சம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 15 லிட்டர் குடம் என்று வைத்தால் எங்கள் வாய்க்காலில் ஒரு விநாடிக்கு ஒன்பது குடத்துக்கு மேல் ஓடுகிறது. “ஒரு நொடிக்கு ஒம்பது குடமா!” என்று வாயைப் பிளந்தார்கள். அப்புறம் பின்வரிசைப் பையன் ஒருவன், அதுவரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவன், கேட்டான்: “மேட்டூர்ல பத்தாயிரம் விட்டா, நடுவுல எங்கெங்க டீச்சர் போவுது?”

இதைத்தான் சுற்றுலா என்கிறீர்கள்.

‘பாடத்தை எப்போது முடிப்பது’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, அதுதான் பாடம். ‘ஆறாம் வகுப்பிலிருந்தே நீட் ஃபவுண்டேஷன் போகிற காலத்தில் வாய்க்காலில் எலுமிச்சம்பழமா’ என்று இன்னொருவர். தாராளமாக அனுப்புங்கள். பன்னிரண்டு வயதில் கேள்வி கேட்பதை மறக்க வைத்துவிட்டு, பதினெட்டு வயதில் அறிவியல் பிடிக்கவில்லை என்று அழுதால் அதற்கும் ஒரு கோச்சிங் இருக்கும். நம் திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி.வி. ராமன், 1921இல் கப்பலில் வரும்போது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்தன்று ஒரு பையனுக்கு அவர் மாதிரித் தலைப்பாகை கட்டிவிட்டு போட்டோ போடுங்கள், இதே குழுவில் கைதட்டு அள்ளும். தலைப்பாகை மட்டும் போதும் போலிருக்கிறது. 2022இல் அரசாங்கமே ஆறிலிருந்து எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் கையால் செய்து பார்க்கட்டும் என்று வானவில் மன்றத்தைத் திருச்சியில்தான் தொடங்கியது. அதற்கும் யாராவது குத்துப்பாட்டு போட்டீர்களா?

தண்ணீர் ஆபத்து என்பவர்களுக்கு: உண்மை, ஆபத்துதான். அதனால்தான் ஆற்றுப் பக்கமே போகவில்லை, வயல் வாய்க்கால். இறங்கி ஆழம் பார்த்தது நானும் சத்துணவு அக்காவும் மட்டும். பிள்ளைகள் கரையை விட்டு இறங்கவில்லை. தலைமையாசிரியரிடம் வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. அது என் தப்பு. இனி எழுதிக் கொடுக்கிறேன்.

ஆனால் இந்த அக்கறை ஆடிப்பெருக்கு அன்று எங்கே போகிறது? அதே பிள்ளைகள் பாலத்திலிருந்து குதிக்கும்போது வீடியோ எடுத்து ‘நம்ம பய’ என்று போடுகிறவர்கள் யார்? விடுங்கள், பேசினால் பேச்சு வளரும்.

எங்கள் அப்பா மூன்றாவது வரைதான் படித்தவர். தண்ணீர் வந்த அன்று வேட்டியை மடித்துக் கட்டி வாய்க்காலில் இறங்கி நிற்பார். கெண்டைக்காலில் எங்கே படுகிறது, எப்படித் தள்ளுகிறது என்று பார்த்துவிட்டு, “நாளன்னைக்கு நம்ம மடைக்கு வந்துடும், நாத்துக்கு விதைய ஊறப்போடு” என்பார். பெரும்பாலும் சொன்ன கணக்கு தப்பாது. நான் ஏழாவது படிக்கும்போது, காலால் எப்படி வேகம் தெரிகிறது என்று என் டீச்சரிடம் கேட்டேன். “பரீட்சைக்கு வராது, உட்காரு” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது, அவருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் நான் எதையும் கேட்டதில்லை. கல்லூரி வரைக்கும்.

போன வருடம் ஒரு பெண், நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கும் மிஷினுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாள். தாத்தா நெல்லைக் கடித்துப் பார்த்தே ‘இன்னும் ஒரு காய்ச்சல் வேணும்’ என்கிறாரே, அவர் சரியா மிஷின் சரியா என்று. ஈரம் கூடினால் நெல்லில் மின்சாரம் சுலபமாகப் பாயும், அதை அளந்துதான் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்துக்கு மேலா கீழா என்று சொல்கிறது என்றேன். அன்று முழுக்க ஒரு பல்பையும் பேட்டரியையும் வைத்துக்கொண்டு எதையெல்லாமோ தொட்டுப் பார்த்தாள். பல்பு ஒரு தடவைகூட எரியவில்லை. ஏன் எரியவில்லை என்பதில் எனக்கு இரண்டு பீரியட் போயிற்று. அந்த இரண்டு பீரியடுக்கும் வீடியோ இல்லை, தப்பித்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முகம் தெரியாதவர்கள் திட்டியது ஒரு நாளில் போய்விடும். அந்த வீடியோவைச் சிரிக்கும் பொம்மை போட்டுப் பகிர்ந்தவர்களில் என் சித்தப்பா மகனும் ஒருவன். முகம் சரியாகத் தெரியவில்லை, அக்கான்னு தெரியாது என்கிறான். அந்தப் பச்சைப் புடவை போன தீபாவளிக்கு அவன் பெண்டாட்டி எடுத்துக் கொடுத்தது.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனபோது பிள்ளைகள் யாரும் வாய்க்காலைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். கணக்கு நோட்டில் மட்டும் ‘முறை 3’ என்று எழுதி, எதிரே கட்டம் காலியாக இருந்தது.

அதனால் வீடியோ எடுத்தவருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் யார் என்று நான் கேட்க மாட்டேன். பாட்டு போடுவதற்கு முன்னால் எடுத்தது உங்கள் போனில் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது அதில் தெரிகிறது, அப்படியென்றால் அது மூன்றாவது முறை. பிள்ளைகள் எண்ணுவது அதில் கேட்கும்.