தேதி குறித்துவிட்டுக் கதை கேட்கிறவர்கள்

மூன்று நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். பிரம்மாண்டமான தொடர் படம் ஒன்றிலிருந்து விலகுகிறேன் என்று ஒரு இயக்குநரின் இரண்டு வரி அறிவிப்பு வந்ததிலிருந்து என் டைம்லைன் முழுக்க ஒரே கூச்சல். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். பெயரைப் போட்டு இன்னும் பத்துப் பேரை இங்கே சண்டைக்கு வரவழைக்க விருப்பமில்லை. "பயந்து ஓடிட்டார்", "காசு பத்தலையாம்", "தலைக்கனம்", "தூக்கிவிட்ட ரசிகனுக்குத் துரோகம்". இதையெல்லாம் கடந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நேற்று இரவு என் பதிவுக்குக் கீழேயே ஒருவர், அதுவும் நான் மதிக்கிற நண்பர், "நடுவழியில இறங்கி ஓடுறவனுக்கெல்லாம் என்ன வக்காலத்து?" என்று எழுதியிருந்தார். அதற்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பிரம்மாண்டமான தொடர் படங்களில் ரிலீஸ் தேதி முதலில் வருகிறது, கதை அதற்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடி வருகிறது. இந்த வரிசை மாறாதவரை, கதையில் அக்கறை உள்ள இயக்குநர்கள் விலகிக்கொண்டேதான் இருப்பார்கள்.

இயக்குநர் என்றால் அவர் நினைத்ததுதான் திரையில் வரும் என்று நாம் நம்புகிறோம். இந்த அளவு படங்களில் பல நேரம் இயக்குநர் ஒப்பந்தம் ஆவதற்கு முன்பே தேதியை அறிவித்துவிடுகிறார்கள். தியேட்டர்கள், பொம்மை செய்கிறவர்கள், விளம்பரம் கொடுக்கிறவர்கள் எல்லோரும் அந்தத் தேதியை நம்பித் திட்டம் போட்டுவிடுகிறார்கள். ஸ்கிரிப்ட் முடிவதற்குள் சண்டைக் காட்சிகளைக் கணினியில் வடிவமைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அர்ஜென்டினாவின் இயக்குநர் லுக்ரேசியா மார்டெல்லை 'பிளாக் விடோ' படத்துக்காக அழைத்துப் பேசியபோது, சண்டைக் காட்சிகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார்களாம். பேட்டியில் அவரே சொன்னது. சண்டைப் படத்தில் சண்டையை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்றால் இயக்குநருக்கு அங்கே என்ன வேலை?

சாம் ரெய்மியை எடுத்துக்கொள்ளுங்கள். 2002, 2004, 2007 என்று மூன்று 'ஸ்பைடர்-மேன்' படங்கள். மூன்றாவது படம் உலகம் முழுக்க 89 கோடி டாலர் அளவுக்கு வசூல் செய்தது. அந்தப் படத்தில் வெனம் என்ற வில்லனை அவர் மனமார விரும்பிச் சேர்க்கவில்லை, தயாரிப்புத் தரப்பின் வற்புறுத்தலில்தான் சேர்த்தார். தானே நம்பாத பாத்திரங்களை வைத்துப் படம் எடுத்துவிட்டேன் என்று பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தினார். நாலாவது படத்துக்கு 2011 மே என்று தேதி குறித்தார்கள். ஸ்கிரிப்ட் அவர் எதிர்பார்த்த தரத்துக்கு வரவில்லை. 2010 ஜனவரியில், இந்தத் தேதிக்குள் நல்ல படமாக என்னால் தர முடியாது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். ஒரு முறை சூடு பட்டவர் இரண்டாவது முறை கையை இழுத்துக்கொண்டதற்குப் பெயர் பயமா? ஸ்டூடியோவும் காத்திருக்கவில்லை. புது நடிகர், புது இயக்குநர் என்று கதையை முதலிலிருந்து தொடங்கும் ரீபூட்டே 2012இல் வந்துவிட்டது.

இயக்குநர் கேரி ராஸ் கதையும் இதேதான். அவர் எடுத்த 'தி ஹங்கர் கேம்ஸ்' 2012 மார்ச்சில் வந்து பெரிய வெற்றி. அடுத்த பாகத்துக்கு 2013 நவம்பர் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். எழுதவும் தயாராகவும் எனக்கு வேண்டிய நேரம் இதில் இல்லை என்று ஏப்ரலிலேயே அறிக்கை விட்டுவிட்டு விலகினார். படம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மனிதர் எழுந்து போகிறார் என்றால், காசு பத்தவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றாதா?

'டாக்டர் ஸ்டிரேஞ்ச்' முதல் பாகத்தை எடுத்த ஸ்காட் டெரிக்சன் இதை இன்னும் பச்சையாகச் சொன்னார். ஸ்டூடியோக்கள் குறிக்கிற ரிலீஸ் தேதிகள்தான் கலைக்கு எதிரி என்று ட்விட்டரில் எழுதினார். கொஞ்ச நாளில், 2020 ஜனவரியில், 'டாக்டர் ஸ்டிரேஞ்ச்' இரண்டாம் பாகத்திலிருந்து அவர் விலகிய செய்தி வந்தது. காரணம் என்று வெளியே சொன்னது "படைப்பு சார்ந்த கருத்து வேறுபாடு". எப்போதும் இந்த ஒரே வாசகம்தான். அதற்குள் எத்தனை ராத்திரி, எத்தனை கூட்டம், எத்தனை முறை மாற்றி எழுதிய பக்கங்கள் இருந்தன என்று யாருக்கும் தெரியாது. போகிறவர் வாயைத் திறந்தால் அடுத்த வாய்ப்புக்கே ஆபத்து. அதனால் அவர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார், நாம் அவரைத் திட்டுகிறோம்.

இந்த இடத்தில் ஒருவர் கண்டிப்பாக வருவார். "அந்த 'டாக்டர் ஸ்டிரேஞ்ச்' இரண்டாம் பாகத்தை அப்புறம் எடுத்தது யார்? நீங்க மேலே புகழ்ந்த அதே சாம் ரெய்மிதானே? அவரால முடிஞ்சதே!" ஆமாம், அவரேதான். முடித்தும் கொடுத்தார். ஒருவருக்கு ஒரு நேரத்தில் முடியாதது இன்னொருவருக்கு இன்னொரு நேரத்தில் முடியலாம். முடியாது என்று சொன்னவர் பொய் சொன்னார் என்று அதற்கு அர்த்தம் ஆகாது.

"நோலன் மூணு பேட்மேன் படமும் முடிக்கலையா?" முடித்தார். 2005, 2008, 2012. அந்த ஆண்டுகளை ஒரு முறை கண்ணால் பாருங்கள். நடுவில் 2006இல் 'தி பிரஸ்டீஜ்', 2010இல் 'இன்செப்ஷன்' என்று தனக்குப் பிடித்த வேறு படங்களை எடுத்துவிட்டு வந்தார். அவருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. அந்த இடத்தைத்தான் மற்றவர்களும் கேட்கிறார்கள்.

அடுத்து சம்பளம். கோடி கோடியாக வாங்குகிறவர் சொன்னதைச் செய்ய வேண்டியதுதானே என்கிறார்கள். சம்பளத்தை விட்டுவிட்டுப் போகிறவரிடமே சம்பளக் கணக்கு பேசுகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது.

நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது, அதை மறைக்கவில்லை. படப்பிடிப்பு தொடங்கிய பிறகு விலகினால் கூட இருக்கிற நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் என்ன ஆவார்கள்? ஜஸ்டின் லின் 2022 ஏப்ரலில் 'ஃபாஸ்ட் எக்ஸ்' படத்தை விட்டு அப்படித்தான் போனார், ஷூட்டிங் தொடங்கிய சில நாட்களிலேயே. அது வலிக்கும். எனக்கும் அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் அவர் 2006 முதல் 2021 வரை அந்த வரிசையில் ஐந்து படம் எடுத்தவர். பதினைந்து ஆண்டு உழைப்பைப் போட்ட ஒருவர் அந்த வாரத்தில் அப்படி ஒரு முடிவு எடுத்தார் என்றால், அதற்கு முந்தைய மாதங்களில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு நொடி யோசிக்கலாமே. தயாரிப்பாளர் பொறுப்பில் அவர் தொடர்ந்தார், லூயி லெட்டரியே வந்து இயக்கினார், படமும் வெளியானது.

சில நேரம் காரணம் இவ்வளவு பெரிதாகக்கூட இருக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு 'ஹாரி பாட்டர்' படங்களை எடுத்த கிறிஸ் கொலம்பஸ், களைத்துப்போய், பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தார். மூன்றாவது படத்துக்கு அல்ஃபோன்சோ குவாரோன் வந்தார். அந்த வரிசையிலேயே சிறந்தது அதுதான் என்று சொல்லும் ரசிகர்கள் இன்றும் ஏராளம். கொலம்பஸ் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் படமே நமக்குக் கிடைத்திருக்காது.

எட்கர் ரைட் பல ஆண்டுகள் 'ஆன்ட்-மேன்' கதையைச் சுமந்தவர். 2014இல் படப்பிடிப்புக்கு முன்னால் விலகினார். அவர் இல்லாமல் ஒரு ஸ்கிரிப்ட் வடிவம் எழுத ஸ்டூடியோ விரும்பியதுதான் அவரை உடைத்தது. நான் அவர்களுடைய படத்தை எடுக்க விரும்பினேன், அவர்கள் என்னுடைய படத்தை விரும்பவில்லை என்ற பொருளில் பின்னால் சொன்னார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். காரணம் இருக்கிறது.

பழைய நண்பர்களுக்குத் தெரியும், நான் ஒரு இணையத் தொடருக்கு இரண்டு சீசன் எழுதினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இரண்டாவது சீசன் கடைசியில் ஒரு பெண் பாத்திரம் இறக்கும். அந்தக் காட்சியை எழுத எனக்குப் பதினொரு நாள் ஆனது. எழுதி முடித்த அன்று யாரிடமும் பேச முடியவில்லை. மூன்றாவது சீசனுக்கு உட்கார்ந்தபோது கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். வெளியீட்டுத் தேதி, என்னென்ன காட்சி வேண்டும், முதல் அத்தியாயத்தில் அந்தப் பெண் உயிரோடு வர வேண்டும். எப்படி வருவாள் என்று கேட்டேன். "அதை நீங்கதான் யோசிக்கணும், ஆறு வாரம் இருக்கே" என்றார்கள். நான்கு வாரம் முயற்சி செய்தேன். சத்தியமாகச் செய்தேன். அவளை எழுப்பி நடக்கவிட்ட ஒவ்வொரு பக்கமும், முந்தைய சீசனில் அழுதவர்களைப் பார்த்து நான் சொல்லும் பொய்யாகத் தெரிந்தது. ஐந்தாவது வாரம் எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் நான் கேட்ட பேச்சு கொஞ்சமா? சரக்கு தீர்ந்துவிட்டது என்றார்கள். சம்பளம் கூட்டிக் கேட்டு மிரட்டினேன் என்றார்கள். ஒரு ஆண்டுக்கு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிடந்தேன். மூன்றாவது சீசன் வந்தது, நன்றாகவே ஓடியது. ஓடியதை வைத்து நான் செய்தது தப்பு என்று நிரூபித்துவிட்டதாக இன்றும் சிலர் சொல்கிறார்கள். 'ஆன்ட்-மேன்' படமும்தான் 50 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. நான் வசூலைப் பற்றிப் பேசவே இல்லை. தான் நம்பாத ஒன்றின் மேல் தன் பெயர் வருவதைப் பற்றிப் பேசுகிறேன். தேதியை முதலில் வைத்துவிட்டு மனிதரைப் பின்னால் வைப்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

இப்போது அந்த நண்பருக்கு. கமென்ட்டை அழிக்கச் சொல்லவில்லை, இருக்கட்டும். நான் எழுந்து வந்த அன்று இரவு முதலில் அழைத்தது உங்களைத்தான். இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டு "நீங்க செஞ்சது சரி" என்றீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஆண்டைக் கடந்தேன். நேற்று எழுதியது அந்த இயக்குநருக்கு மட்டும்தானா, இல்லை எனக்கும் சேர்த்தா? இங்கே பதில் போட வேண்டாம். போன் பண்ணுங்கள்.