ஆயில் பில்ல கேட்டீங்களா முதல்ல?

மலை ரோட்டுல நின்னுபோன அந்த வெள்ளை டர்போ கார் வீடியோவ பத்தி எழுதவே கூடாதுன்னுதான் மூணு நாளா பல்ல கடிச்சுட்டு இருந்தேன். நேத்து ராத்திரி என் பெரியம்மா பையனே அத எனக்கு அனுப்பி "அக்கா உன்னுதும் இதே மாதிரி டர்போ தானே, விலை இருக்கறப்பவே தள்ளி விட்டுரு"ன்னு போட்டிருக்கான். இனிமே சும்மா இருக்க முடியாதுங்க.

குன்னூர் ஏறற ரோட்டுல பர்லியார் தாண்டி அந்த வண்டி நீலப்புகை விட்டுட்டு நின்னுச்சு. அந்த வீடியோவுக்கு கீழ அத்தன கமெண்ட்டு. சின்ன டர்போவா, மூணு வருஷம்தான். மலைக்கு ஆகாது. செகண்ட் ஹேண்ட்ல தொடவே கூடாது. நான் உக்காந்து முழுசும் படிச்சேன். அந்த வண்டிக்கு கடைசியா எப்ப ஆயில் மாத்துனாங்கன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேக்கல.

டர்போன்னா என்னன்னு தெரிஞ்சுட்டு திட்டுங்க. சைலன்சருக்கு போற புகைய வச்சு ஒரு சின்ன சக்கரத்த சுத்த வைக்கறாங்க, அதே தண்டோட மறுமுனையில இருக்கற சக்கரம் காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுது, அவ்வளவுதான் விஷயம். ஆனா அது நல்லா மிதிச்சா நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுத்துக்கு மேல போகும், பெட்ரோல் வண்டியில அந்த புகையோட சூடு 900 டிகிரி பக்கம் வரும், அத்தன வேகத்துல அத்தன சூட்டுல அந்த தண்டு மெல்லிசான ஆயில் படலத்து மேலதான் மிதந்துட்டு சுத்துது. அந்த ஆயில் கருகி குழம்பாகி கெடந்தா அது எத்தன நாள் தாங்கும்? சாதா எஞ்சின் ரெண்டு ஆயில் சர்வீஸ விட்டாலும் முனகிட்டே ஓடிரும். இது ஓடாது. இத சொன்னா ஒத்துக்கறேன். எஞ்சினே மட்டம்னா ஒத்துக்க மாட்டேன்.

அடுத்து இந்த "மலைக்கு ஆகாது". எங்க அப்பா இருபத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுனவரு. கடைசி பத்து வருஷம் அவர் ஓட்டுன லாரியில டர்போ இருந்துச்சு. நம்ம ஊர் பஸ்ஸு, கேஸ் லாரி, கேரட் ஏத்திட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு எறங்கற வண்டி எல்லாத்துலயும் டர்போ எத்தன வருஷமா இருக்கு, அதெல்லாம் மலை ஏறலயா? உண்மைய சொன்னா மலைக்குத்தான் டர்போ வேணும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க காத்தே மெல்லிசு, சாதா பெட்ரோல் எஞ்சினுக்கு கீழ இருக்கற சக்தியில ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு காணாம போயிரும். டர்போ அந்த காத்த அமுக்கி குடுத்து ஈடு கட்டுது. அதுக்காக அது இன்னும் கூட உழைக்குது, இன்னும் சூடாகுது, அதையும் சொல்லிடறேன்.

அப்பா ஏத்தம் ஏறி வந்து ஃபேக்டரி வாசல்ல நின்னா சாவிய உடனே திருப்ப மாட்டாரு. ரெண்டு நிமிஷம் ஐட்லிங்ல விட்டுட்டு பீடி பத்த வைப்பாரு. "மூச்சு வாங்கட்டும் பாப்பா"ம்பாரு. சின்ன வயசுல எனக்கு அது அவர் லாரி மேல வச்சிருக்கற பாசம்னு தோணும். பின்னாடிதான் புரிஞ்சுது, சூடா இருக்கறப்ப ஆஃப் பண்ணா ஆயில் ஓட்டம் நின்னுரும், டர்போக்குள்ள தேங்குன ஆயில் அங்கயே வெந்து கரியாகும், அந்த கரி ஆயில் வர்ற பைப்ப அடைக்கும். எட்டாவது படிச்ச மனுசனுக்கு தெரிஞ்சிருந்துச்சு. இப்ப மேல வர்றவங்க வியூ பாயின்ட்ல ஃபோட்டோ எடுக்க சர்ருன்னு ஓரங்கட்டி டக்குன்னு ஆஃப் பண்றாங்க, ரேடியேட்டர்ல தண்ணி கொறஞ்சா ரோட்டோர ஊத்துத் தண்ணிய புடிச்சு ஊத்தறாங்க. ஊட்டியில தண்ணி 93 டிகிரி பக்கத்துலயே கொதிச்சுரும்ங்க, ரேடியேட்டர்ல ஊத்தற கூலன்ட் திரவமும் அதோட மூடி குடுக்கற பிரஷரும்தான் அத கொதிக்க விடாம காப்பாத்துது. பெட்ரோல் டர்போவ குளிர வைக்கறதும் அதே கூலன்ட்டுதான்.

சரி, செகண்ட் ஹேண்டுக்கு வரேன், எனக்கு வயிறு எரியறதே அங்கதான். நாலு மீட்டர் நீளத்துக்குள்ள, பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள்ள இருந்தா வரி கம்மின்னு கம்பெனிங்க எல்லாம் சின்ன டர்போவுக்கு வந்தாங்க. 2017-ல டாடா நெக்ஸான், 2019-ல ஹூண்டாய் வென்யூ, 2020-ல நிசான் மேக்னைட். அதெல்லாம் இப்ப கோயமுத்தூர்லயும் பெங்களூர்லயும் செகண்ட்ஸ்ல வந்து நிக்குது. "சிட்டியில ஓடுனது மேடம், அஞ்சு வருஷத்துல இருபத்தெட்டாயிரம்தான்"னு காட்டுவாங்க. நாமளும் கிலோமீட்டர பாத்து மயங்கிருவோம். ஆயில் மாத்தறதுக்கு பத்தாயிரம் இல்லாட்டி ஒரு வருஷம், எது முன்னாடி வருதோ அதுன்னு புத்தகத்துல போட்டிருக்கும், வருஷத்த யாரும் கணக்குல எடுக்கறதே இல்ல. அப்ப அஞ்சு வருஷத்துல ரெண்டே ரெண்டு ஆயில். அதுலயும் சிக்னல்ல நின்ன மணிக்கணக்கு மீட்டர்ல ஏறாது. பக்கத்து கடைக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் போன வண்டியில எஞ்சின் முழுசா சூடே ஆகாது, பெட்ரோலும் ஈரமும் ஆயில்ல கலந்து நிக்கும். ஆயில் ஊத்தற மூடிய கழட்டுனா உள்பக்கம் மோர்க்குழம்பு மாதிரி ஒட்டியிருக்கும், பாத்திருக்கேன். அந்த வண்டிய வாங்குன மூணாம் மாசம் மலை அடிவாரம் கல்லார்ல இருந்து செகண்ட் கியர்ல ஏத்துனா அது புகைய விடாம என்ன பண்ணும்? அதான் திரும்ப திரும்ப கேக்கறேன், ஆயில் பில்லு எங்க?

நான் வாங்குனப்ப கேட்டேன். "பொம்பள பிள்ளைக்கு டர்போ எதுக்கு"ன்னு அங்க இருந்த ஒருத்தர் என் முகத்துக்கு நேராவே சொன்னாரு. நாலு வண்டிய வேண்டாம்னு சொல்லிட்டு, வருஷா வருஷம் பில்லு இருந்த அஞ்சாவத எடுத்தேன். கோத்தகிரில இருந்து குன்னூருக்கு தினமும் வேலைக்கு போயிட்டு வரேன், நாலு வருஷம், அறுபத்திரெண்டாயிரம் கிலோமீட்டர். ஏழாயிரத்துக்கு ஒரு தடவ கம்பெனி சொன்ன கிரேடுல ஃபுல் சிந்தெடிக் ஆயில். டர்போ இன்னும் அதேதான்.

"அவ்வளவு பாத்து பாத்து வச்சுக்கறதுக்கு சாதா எஞ்சினே வாங்கலாமே"ன்னு கேப்பீங்க. வாங்குங்க. சர்வீஸுக்கு காசு ஒதுக்க முடியாதுன்னா கண்டிப்பா அதத்தான் வாங்கணும். பெட்ரோல நேரா சிலிண்டருக்குள்ளயே அடிக்கற டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்ல காத்து வர்ற வால்வுல கரி படியும், ஃபோர்டோட பழைய ஒரு லிட்டர் எக்கோபூஸ்ட் மாதிரி, வால்வுங்கள நேரத்துக்கு தொறக்க வைக்கற டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளயே ஓடற எஞ்சின்ல தப்பான ஆயில் ஊத்துனா பெல்ட்டே பிசிறு பிசிறா போகும், அதுவும் நெசம்தான். ஆனா நாலு பேர் ஏத்திட்டு கோத்தகிரி ரோட்டுல இருக்கற குஞ்சப்பனை ஏத்தத்துல ஏசியும் போட்டு போய் பாத்துட்டு வந்து எங்கிட்ட பேசுங்க. "உனக்கு கம்பெனிக்காரன் காசு குடுத்தானா"ன்னு ஒருத்தர் போன பதிவுலயே கேட்டிருந்தாரு. என் சம்பளத்துல நான் வாங்குன வண்டி. அந்த வார்த்தைய நான் இன்னும் மறக்கல.

"மெக்கானிக்கே டர்போ போச்சுன்னு சொல்றாரே"ங்கறவங்களுக்கு ஒண்ணு. போன வருஷம் அம்மாவ செக்கப்புக்கு கூட்டிட்டு போயிட்டு திரும்பறப்ப, குஞ்சப்பனை தாண்டி ராத்திரி எட்டரைக்கு என் வண்டி திடீர்னு சக்தியே இல்லாம ஆயிருச்சு. எஞ்சின் லைட்டு எரியுது, எவ்வளவு மிதிச்சாலும் ஊர்ந்துதான் போகுது, உஸ்ஸுன்னு ஒரு சத்தம். மறுநாள் ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல டர்போ மாத்தணும், 72,000 ஆகும்னாங்க. நான் கையெழுத்து போடல. மேட்டுப்பாளையத்துல ஒரு சின்ன ஒர்க்ஷாப் அண்ணன் பானட்ட தொறந்து டர்போல இருந்து போற காத்து ஹோஸ விரலால தடவி பாத்தாரு, அடியில நீளமா ஒரு கிழிசல். 2,300 ரூபாய்ல முடிஞ்சுது. கையெழுத்து போட்டிருந்தா நானும் இன்னிக்கு டர்போவ திட்டிட்டு இருந்திருப்பேன்.

அன்னிக்கு ராத்திரி எங்களுக்காக நின்னது ஒரு கொழுந்து லாரி. அந்த அண்ணன் டார்ச் புடிச்சுட்டு, அம்மாவ லாரில ஏத்தி உக்கார வச்சு, கோத்தகிரி வரைக்கும் என் வண்டிக்கு பின்னாடியே மெதுவா வந்தாரு. யாரும் செல்ல எடுத்து படம் புடிக்கல.

அந்த வீடியோவ இன்னொரு தடவ பாருங்க. ஓரத்துல ஒரு பொண்ணு துப்பட்டாவ குழந்தை தலையில போத்தி சாரல்ல நிக்குது. எடுத்தவரு சிரிக்கற சத்தம் நல்லா கேக்குது. நம்ம ஊர்க்காரங்க குரல்தான் அது. ஒரு குடை குடுக்க தோணலயா உங்களுக்கு? எனக்கு வண்டி விஷயம் கூட அப்புறம்தாங்க, இதுதான் மூணு நாளா தூங்க விடல.

வண்டிக்காரர் கண்ணுல இது பட்டா: நீலப்புகைன்னா ஆயில் எரியுது, ஓட்டாதீங்க. டர்போ மாத்த சம்மதம் சொல்றதுக்கு முன்னாடி ஆயில் திரும்பி எறங்கற பைப்பும் எஞ்சினுக்குள்ள சேர்ற புகைய வெளிய விடற மூச்சுக்குழாயும் அடைச்சிருக்கான்னு கழட்டி காட்டச் சொல்லுங்க, அது அடைச்சாலும் இதே புகைதான் வரும். மாத்தித்தான் ஆகணும்னா ஆயில் போற பைப்பையும் சேத்து புதுசா போடச் சொல்லுங்க, பழைய பைப்புல இருக்கற கரி புது டர்போவையும் தின்னுரும். மேட்டுப்பாளையம் அண்ணன் நம்பர் வேணும்னா இன்பாக்ஸ் வாங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, நானும் கூட வரேன்.