கவென்ட்ரி ரசிகர்கள் கிளப்பைக் கைவிடவில்லை

இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பான கவென்ட்ரி சிட்டியைப் பற்றி, "சிசு (SISU) என்ற முதலீட்டு நிதியம் தன் அரங்கத்தை விற்றுத்தான் கவென்ட்ரி சிட்டியைக் காப்பாற்றியது, ரசிகர்கள்தான் கைவிட்டார்கள்" என்று நண்பர் ஒருவர் பதிவு எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

கிளப் ஆடிவந்த ரிக்கோ அரங்கம் ஒருநாளும் சிசுவின் கையில் இல்லை. நகராட்சியும் ஓர் அறக்கட்டளையும் சரிபாதியாக வைத்திருந்த நிறுவனம்தான் அதை நடத்தியது. கிளப் வெறும் வாடகைதாரர். 2014இல் அந்த நிறுவனத்தை வாங்கியது வாஸ்ப்ஸ் என்ற ரக்பி அணி.

2007 டிசம்பரில் திவாலின் விளிம்பில் நின்ற கிளப்பைச் சிசு வாங்கியது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் 2012இல் வாடகையை நிறுத்தியதும் அதே நிர்வாகம்தான். தகராறு முற்றி, 2013இல் சொந்த ஊர் அணி சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி நார்தாம்ப்டனில் ஆடப் போனது.

அங்கே நடந்ததைக் கேளுங்கள். அந்த நிர்வாகத்துக்கு ஒரு பென்னிகூடக் கொடுக்க மனமில்லாத ரசிகர்கள், அரங்குக்கு வெளியே இருந்த மேட்டில் ஏறி நின்றார்கள். ஆடுகளத்தின் ஒரு பகுதிதான் கண்ணில் படும். அதற்காகவே அவ்வளவு தூரம் வந்து, அணியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கைவிட்டவன் மேடேறி நிற்பானா?

2017இல் அணி இங்கிலாந்துக் கால்பந்து லீக்கின் நான்காம் நிலைக்கு விழுந்தது. மீட்டெடுத்த பெருமை அப்போதைய பயிற்சியாளர் மார்க் ராபின்ஸுக்கும் வீரர்களுக்கும் உரியது. தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள்.