மர்லின் மன்றோவின் காலண்டர் படம்: சில திருத்தங்கள்

பிளேபாய் பத்திரிகைக்காக மர்லின் மன்றோ போஸ் கொடுத்தார், அதன் பிறகே நட்சத்திரமானார் என்று உங்கள் கட்டுரையில் இருக்கிறது. இரண்டுமே தவறு.

புகைப்படக்காரர் டாம் கெல்லி சிவப்பு வெல்வெட் துணியை விரித்து, பின்னாளில் காலண்டரிலும் பிளேபாயிலும் வந்த அந்த நிர்வாணப் படங்களை எடுத்தது 1949 மே மாதம். மன்றோவுக்குக் கூலி 50 டாலர். அப்போது அவருக்கு ஏன் பண முடை என்பதைத்தான் விளக்கியிருக்க வேண்டும். ஃபாக்ஸ் ஸ்டுடியோ 1946-ல் அவரை ஒப்பந்தத்தில் எடுத்தது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, முடிப்பதா என்பது ஸ்டுடியோவின் விருப்பம். நடிகைக்கு அந்த உரிமை கிடையாது. ஓராண்டில் கழற்றிவிட்டார்கள். 1948-ல் கொலம்பியா ஸ்டுடியோவிலும் ஆறே மாதம்தான்.

ஒப்புதல் தாளில் 'மோனா மன்றோ' என்று கையெழுத்துப் போட்டார், பாவம். அதோடு படத்தின் மீது அவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லாமல் போனது. கெல்லியிடமிருந்து சிகாகோ காலண்டர் கம்பெனிக்கு, அங்கிருந்து 1953-ல் 500 டாலருக்கு பிளேபாயைத் தொடங்கிய ஹெஃப்னர் கைக்குப் போனது. மன்றோவுக்கு அதில் ஒரு சென்ட்கூட வரவில்லை. பிளேபாயின் முதல் இதழ் வெளிவந்தது 1953 டிசம்பரில். மன்றோ நடித்த 'நயாகரா' அந்த ஆண்டு ஜனவரியிலேயே திரைக்கு வந்துவிட்டது. அவருடைய புகழை வைத்துத்தான் பத்திரிகை விற்றது. தயவுசெய்து திருத்துங்கள்.